கூண்டு எண்ணை விடுங்கள், பக்கத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி - பதில்
(நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் எழுதும் பகுதி)

ஐப்பசி நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் குணம் மாறிவிடும். மீன் விலை, உப்பளம், கலங்கரை விளக்கம் எல்லாம் பின்னால் போய், புயல் முன்னால் வந்து நிற்கும். ஆசிரியர் அனுப்பிய கட்டில் இந்த முறை முக்கால்வாசி அதுதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: 2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்தபோது, "சாதாரணப் புயல்தான், பெரிய காற்று இருக்காது" என்றார்கள். காற்று உண்மையிலேயே பெரிதாக இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர், அதுவும் மழை விட்ட பிறகு வந்தது. வானிலைக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்களா?
- கல்லூரி மாணவி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: ஏமாற்றவில்லை அம்மா. "புயல்", "தீவிரப் புயல்", "மிகத் தீவிரப் புயல்" என்று அவர்கள் தரம் பிரிப்பது காற்றின் வேகத்தை மட்டும் வைத்து. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால் புயல். 89 என்றால் தீவிரம். 118 என்றால் மிகத் தீவிரம். 222-ஐத் தொட்டால் சூப்பர் புயல். இந்தக் கணக்கில் மழைக்கு இடமே கிடையாது. ஃபெஞ்சல் கரை கடந்தபோது காற்று 70, 80 கிலோமீட்டர்தான். ஆகவே கடைசித் தரம். தரம் சரி. நாம்தான் அதை ஆபத்தின் அளவு என்று படித்துவிட்டோம்.

நடந்தது இதுதான். புயல் தானாக நகராது. மேலே வீசும் பெருங்காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும். நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது தள்ளுவதற்குக் காற்று இல்லை. மணிக்கணக்கில் அங்கேயே நின்றுவிட்டது. பாதி தரையில், பாதி கடலில். கடலிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து அதே ஊர்களின் தலையில் கொட்டியது. ஒரே நாளில் புதுச்சேரியில் அரை மீட்டரை ஒட்டிய மழை, உங்கள் மாவட்டத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர். மயிலத்துக்காரர்களிடம் போய் "வலுவில்லாத புயல்" என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயம், மழை விட்ட பிறகு வந்த தண்ணீர், அதைவிட முக்கியம். செத்த புயல் உள்நாட்டுக்குள் போனது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு இறங்கி 7 உயிர் போனது. அடுத்த நாள் கடற்கரையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்து, நிறுத்தி வைத்திருந்த வேன்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. ஊத்தங்கரைத் தண்ணீர் எங்கே போகும்? பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்கு. தென்பெண்ணை எங்கே வரும்? சாத்தனூர் அணைக்கு. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்க வேண்டியதாயிற்று. அது விழுப்புரத்துக்கும் கடலூருக்கும்தானே வந்தாக வேண்டும்? உங்கள் ஊர் ஒரே புயலில் இரண்டு முறை நனைந்தது, முதலில் வானத்திலிருந்து, அப்புறம் ஆற்றிலிருந்து.

ஆகவே அடுத்த முறை செய்தியில் காற்று வேகத்தைக் கேட்டுவிட்டு டிவியை அணைத்துவிடாதீர்கள். "மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது" என்று ஒரு வரி வரும். அது 15, 20 என்றால் ஓரளவு நிம்மதி. 3, 5 என்றோ, "நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறது" என்றோ சொன்னால், அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றுங்கள். உங்கள் ஊர் ஆற்றின் மேல்பக்கத்தில் என்ன மழை என்றும் ஒரு கண் வையுங்கள்.

கேள்வி: நாகையில் 3-ம் எண் கூண்டு, கடலூரில் 5, எண்ணூரில் 6 என்று செய்தி வாசிக்கிறார்கள். 6 என்றால் 5-ஐ விடப் பெரிய ஆபத்து என்று புரிந்துகொள்ளலாமா? இந்தக் காலத்தில் கூண்டு எதற்கு?
- ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், சென்னை

பதில்: என் சோற்றுக்கே வந்துவிட்டீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூண்டு என்பது கூம்பும் உருளையுமாகச் செய்து கறுப்பு அடித்த சட்டம். கொடிமரத்தில் கயிறு கட்டி மேலே இழுப்போம். எந்த வடிவம் மேலே, எந்த வடிவம் கீழே என்பதைப் பொறுத்து எண். இரவில் அது தெரியாது என்பதால் சிவப்பு, வெள்ளை விளக்குகள். வானிலை மையத்திலிருந்து தகவல் வந்ததும் பதிவேட்டில் நேரத்தை எழுதிவிட்டுத்தான் கயிற்றில் கை வைக்க வேண்டும். மழையில் ஊறிய கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டால் மரத்தில் ஏறித்தான் எடுக்க வேண்டும், அதுவும் காற்றில். மேலே போய்ச் சேர்ந்த கூண்டு காற்றில் மரத்தோடு மோதும் சத்தம் துறைமுகத் தெரு முழுக்கக் கேட்கும். பல வீடுகளில் எண்ணைப் பார்க்க வெளியே வரமாட்டார்கள், சத்தம் கேட்டதுமே வலையைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இப்போது எண்ணுக்கு வருவோம். 1, 2 இரண்டும் தொலைவுக் கூண்டுகள். கடலில் எங்கோ தாழ்வு மண்டலமோ புயலோ இருக்கிறது, இந்தத் துறைமுகத்துக்கு உடனே ஒன்றும் இல்லை, கிளம்பும் கப்பல் கவனமாகப் போகட்டும் என்று அர்த்தம். 3 என்றால் துறைமுகத்திலேயே திடீர்க் காற்றும் மழையும் வரலாம். 4 என்றால் புயல் மிரட்டுகிறது, ஆனால் கப்பலை வெளியேற்றும் அளவுக்கு இன்னும் போகவில்லை. இதுவரை நீங்கள் நினைப்பது போலப் படி ஏறிக்கொண்டுதான் வருகிறது.

5-லிருந்து கணக்கு மாறும். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து. வித்தியாசம் பக்கத்தில்தான். புயல் போகும் பாதைக்கு இடது பக்கம் துறைமுகம் இருந்தால் 5. வலது பக்கம் இருந்தால் 6. தலைக்கு மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. இதே மூன்றும் தீவிரப் புயலாக இருந்தால் 8, 9, 10 ஆகும். 8 இடது, 9 வலது, 10 நேர் மேலே. நம் கரைக்குப் புயல் கிழக்கிலிருந்து மேற்காக வருவதால் வலது என்பது வடக்கு, இடது என்பது தெற்கு. கடலூரில் 5, எண்ணூரில் 6 என்றால் புயல் இரண்டுக்கும் நடுவே எங்கோ கரையேறப் போகிறது என்பதை எண்ணே சொல்லிவிடுகிறது. படம், கிராபிக்ஸ் எதுவும் வேண்டாம்.

11 என்று ஒன்று உண்டு. அதுதான் மிகப் பெரிய புயல் என்று பல பேர் நினைக்கிறார்கள். இல்லை. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று கருதிக்கொள்ளுங்கள் என்பதுதான் 11.

எதற்கு இன்னும் என்று கேட்டீர்கள். கைபேசிக் கோபுரம் விழுந்த பிறகும் கொடிமரம் நிற்கலாம் என்பது ஒன்று. இன்னொன்று, இந்தக் கூண்டைப் பார்த்து யாரும் யாருக்கும் 'பார்வர்டு' செய்ய முடியாது. வதந்தி இல்லாத எச்சரிக்கை.

கேள்வி: புயல் நாளன்று எங்கள் ஊரில் கடல் உள்வாங்கி, நாட்டுப்படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. சுனாமி வருகிறது என்று ஊரே ஓடியது. ஒன்றும் வரவில்லை. ஏன் அப்படி?
- மீனவர் குடும்பத்துப் பெண், தொண்டி

பதில்: முந்தைய பதிலின் தொடர்ச்சிதான் இது. பூமத்திய ரேகைக்கு வடக்கே, நம் பாதி உலகத்தில், புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். நாகை, வேதாரண்யம் பக்கம் ஒரு புயல் கரையேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து தரைக்கு அடிக்கும், தண்ணீரை உள்ளே தள்ளும். தெற்கே இருக்கும் உங்களுக்குக் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், தண்ணீரை வெளியே தள்ளும். பாக் விரிகுடாவோ ஆழமில்லாத கடல். தாம்பாளத்துத் தண்ணீரை ஒரு பக்கமிருந்து ஊதினால் இந்த ஓரம் வெறுமையாகி அந்த ஓரம் நிறைவது போல, கரை வெளியே தெரிந்துவிடுகிறது.

சுனாமி நிலநடுக்கத்தால் வருவது. புயலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் "ஒன்றும் வரவில்லை" என்று அடுத்த முறை சங்கு பொறுக்கப் பிள்ளைகளை அனுப்பிவிடாதீர்கள். காற்று தளர்ந்தாலோ திசை மாறினாலோ போன தண்ணீர் திரும்பும். சேற்றில் உட்கார்ந்த படகு அப்போது பக்கத்துப் படகோடு மோதிப் பலகை பிளக்கும். உள்வாங்கும்போதே கயிற்றை நீளமாக விட்டுக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கடந்தபோது வேதாரண்யம் பக்கம் இன்னொரு வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லக் கூடாது, வாயில் வந்துவிட்டது. முதலில் வடக்கிலிருந்து பேய்க்காற்று. அப்புறம் புயலின் கண் மேலே வந்ததும் திடீரென்று நிசப்தம். முடிந்தது என்று வெளியே வந்து கூரையைப் பார்த்தவர்கள் உண்டு. கண் நகர்ந்ததும் காற்று தெற்கிலிருந்து அடித்தது, முன்னதைவிட மூர்க்கமாக. விடிந்ததும் தென்னந்தோப்புகளில் போய்ப் பார்த்தால் பாதி மரம் தெற்கே தலை வைத்துக் கிடந்தது, மீதி வடக்கே. முதல் காற்றில் வேர் ஆடிய மரத்தை இரண்டாவது காற்று எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டிருந்தது. நடுவில் காற்று நின்றால் கதவைத் திறக்காதீர்கள் என்று வானொலியில் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: புயல் என்றாலே தமிழ்நாடு, ஆந்திரா, ஒடிசாதானா? மேற்குக் கரைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்களா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: 2017-ல் ஒக்கிப் புயலைப் பார்த்த ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! வங்கக் கடலில் நாலு வந்தால் அரபிக்கடலில் ஒன்று என்பது பழைய கணக்கு. மொத்தமாகப் பார்த்தால் நம் வட இந்தியப் பெருங்கடலில் ஆண்டுக்கு ஐந்து புயல்கள் சராசரி. பசிபிக்கோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. ஆனால் உயிர்ப்பலியில் உலகத்திலேயே முன்னால் நிற்பது இந்தக் கடல்தான். 1970 நவம்பரில் போலா புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் கொண்டுபோனது. வங்கக் கடலின் வட முனை புனல் மாதிரி குறுகி, ஆழமும் குறைந்து, தண்ணீருக்கு ஊருக்குள் போவதைத் தவிர வழியில்லாத இடம்.

2024-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வாங்கியது நாலே புயல், நாலும் நாலு விதம். மே 26-ல் ரீமல், வங்காளத்துச் சுந்தரவனக் காட்டில் கரையேறியது. அது ஓய்ந்த பிறகு கொண்டுபோன மழையில், கடலே இல்லாத மிசோரத்தில் ஐஸ்வால் அருகே கல் குவாரி சரிந்து பல தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் அஸ்னா. இது குஜராத்தில் தரைமேலேயே தாழ்வு மண்டலமாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, கட்ச் வழியாகக் கடலுக்குள் இறங்கிப் புயலானது. தரையிலிருந்து கடலுக்கு! அரபிக்கடலில் ஆகஸ்ட் மாதத்துப் புயல் 1976-க்குப் பிறகு அதுதான் முதல். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கீழே மேற்குக் காற்றும் மேலே கிழக்குக் காற்றும் எதிரெதிரே ஓடும். கட்டும் மேகக் கோபுரத்தை நடுவில் வெட்டிவிடும். அதனால்தான் நமக்குப் புயல் சீசன் ஆண்டுக்கு இரண்டு: சித்திரை, வைகாசியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. அஸ்னா இரண்டுக்கும் நடுவில் திருட்டுத்தனமாக வந்தது.

அக்டோபரில் டானா. ஒடிசாவில் பிதர்கனிகாவுக்கும் தாம்ராவுக்கும் நடுவே, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்றோடு, ஃபெஞ்சலைவிட நன்றாகவே வலுவாகக் கரையேறியது. ஆனாலும் உயிரிழப்பு மிகக் குறைவு. 1999 சூப்பர் புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரை இழந்த மாநிலம் அது. இப்போது புயல் வருவதற்கு முன்பே லட்சக்கணக்கானவர்களைப் பாதுகாப்பு மையங்களுக்கும், பிரசவ நாள் நெருங்கிய பெண்களை மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். பிதர்கனிகாவின் அலையாத்திக் காடும் தன் பங்குக்கு அலையை வாங்கிக்கொண்டது. நமக்குப் பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் இருக்கின்றன. மிச்சம் இருக்கும் வரை.

கேள்வி: நாங்கள் மலைநாட்டுத் தோட்டத்தில் இருப்பவர்கள். கடலைப் பார்ப்பதே கதிர்காமம் போகும்போதுதான். 2025 டிட்வா புயல் எங்களை ஏன் இப்படி அடித்தது?
- ஆசிரியை, நுவரெலியா மாவட்டம், இலங்கை

பதில்: உங்கள் கடிதத்தை முதலில் போட்டிருக்க வேண்டும். ஆனால் மேலே உள்ளதைப் படித்தபின் என் பதில் எளிதாகப் புரியும் என்று இங்கே வைத்தேன்.

டிட்வாவும் காற்றுக் கணக்கில் கடைசித் தரப் புயல்தான். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளியின் காற்றுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நவம்பர் கடைசியில் தீவின் கிழக்கு ஓரத்தைத் தடவிக்கொண்டே மெதுவாக வடக்கே நகர்ந்தது. ஈரக்காற்று மலையில் மோதினால் மேலே ஏறியாக வேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். மத்திய மலைநாடு அந்த ஈரம் முழுவதையும் பிழிந்து வாங்கிக்கொண்டது. கண்டி, பதுளை, நுவரெலியாவில் மண் ஊறி, சரிவு சரிவாக இறங்கியது. தீவு முழுக்க அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் எந்த இடத்தில் கட்டப்பட்டன என்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும், நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. தேயிலைக்கு ஆகாத சரிவும் ஓடைக் கரையும்தான் ஆட்களுக்கு என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவெடுத்த இடங்கள் அவை. சுவரில் புதிதாக விரிசல், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவது, மரமும் மின்கம்பமும் சாய்ந்து நிற்பது, கதவு திடீரென்று இறுக்கிக்கொள்வது, இவற்றில் எது தெரிந்தாலும் மழை நிற்கக் காத்திருக்காமல் பள்ளிக்கூடத்துக்கோ கோவிலுக்கோ பிள்ளைகளோடு போய்விடுங்கள். சரிவுக்கு நேர் கீழே உள்ள கோவிலுக்கு அல்ல. ஆசிரியை என்பதால் சொல்கிறேன், வகுப்பில் இதைப் படம் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் எங்களுக்குப் புயலே வராது என்று பள்ளியில் படித்தேன். இப்போதும் சரியா?
- வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: முக்கால் சரி. காற்றைச் சுழல வைப்பது பூமியின் சுழற்சி. நடுக்கோட்டருகே அந்த விசை மிகவும் குறைவு. ஆனாலும் 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் சிங்கப்பூருக்குப் பக்கத்தில், நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரியில் உருவாகி ஜொகூரில் ஏறியது. 2025 நவம்பரில் சென்யார் உங்கள் மலாக்கா நீரிணைக்குள்ளேயே உருவாகி, சுமத்ராவில் பெரும் வெள்ளத்தைக் கொண்டுவந்தது. அபூர்வம் என்பது வேறு, வராது என்பது வேறு.

கேள்வி: புயலைக் கடலிலேயே குண்டு போட்டுக் கலைக்க முடியாதா சார்?
- எட்டாம் வகுப்பு மாணவன், சிதம்பரம்

பதில்: தம்பி, உன்னைவிடப் பெரியவர்களுக்கும் இந்த ஆசை இருந்தது. அமெரிக்கர்கள் 1962-லிருந்து 1983 வரை விமானத்தில் போய்ப் புயல் மேகத்தில் சில்வர் அயோடைடு தூவிப் பார்த்தார்கள். பலனுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, கைவிட்டார்கள். ஒரு புயல் வெளியிடும் ஆற்றலுக்கு முன்னால் நம் குண்டெல்லாம் தீபாவளி வெடி. அதைவிட, கலைத்தே விட்டாய் என்று வை, கார்த்திகை மழைக்கு எங்கே போவாய்? வீராணத்தை யார் நிரப்புவார்கள்?

கேள்வி: புயலுக்கு எல்லா நாட்டுப் பெயரும் வைக்கிறார்கள். தமிழ்ப் பெயர் உண்டா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்டு. இந்தக் கடலைச் சுற்றிய 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து, 169 பெயர்களோடு 2020-ல் ஒரு பட்டியல் வந்தது. நாடுகள் ஆங்கில அகர வரிசையில் நிற்கும். ஒவ்வொரு புயலுக்கும் அடுத்த நாட்டின் பெயர். ஃபெஞ்சல் சவுதி அரேபியா கொடுத்தது, டானா கத்தார், டிட்வா ஏமன். டிட்வாவோடு இரண்டாவது சுற்று முடிந்தது. மூன்றாவது சுற்று வங்கதேசத்தின் அர்னாபில் தொடங்குகிறது. அதற்கு அடுத்து இந்தியாவின் முறை. அந்தப் பெயர் முரசு. இந்தியாவின் பெயர்களில் இன்னும் பின்னால் நீர் என்றும் ஒன்று இருக்கிறது.